மூணும் சௌக்கியம்

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த நேரத்தில் அடைக்கலமேரியின் இரண்டு கைகளிலும் முந்திரி எண்ணெய் அப்பியிருந்தது. என்னதான் சாம்பலில் புரட்டிப் புரட்டி உடைத்தாலும் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற அந்தக் கறுப்பு எண்ணெய் விரலிடுக்கில் இறங்கிவிடும். பட்ட இடம் முதலில் கறுக்கும், பிறகு எரியும், இரண்டு நாளில் தோல் உரியும். ஆதனக்கோட்டைப் பக்கம் கொட்டை உடைக்கிற பெண்கள் வேலை நேரத்தில் போனைத் தொட மாட்டார்கள். அது பாட்டுக்கு அடித்து ஓயும்.

சித்திரை வெயில். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. வறுத்துக் கொட்டிய கொட்டைகள் மண்ணில் கிடந்து இன்னும் புகைந்துகொண்டிருந்தன. கொழுந்தன் பெண்டாட்டி அன்புமொழி எதிரே உட்கார்ந்து, உடைத்த பருப்பின் மேல்தோலைக் கத்தி முனையால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை சுத்தமாயிருந்தது.

“கேஸ் சிலிண்டர்காரனா இருப்பான். எடுத்து என்னன்னு கேளு அன்பு.”

அன்புமொழி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அடைக்கலமேரி மேடம்ங்களா? திருச்சி கருத்தரிப்பு மையத்துலேருந்து பேசுறோம். சார் வருஷா வருஷம் ஏப்ரல்ல வந்து புதுப்பிச்சிருவாரு. இந்தத் தடவ வரல. அவரு நம்பருக்கும் போக மாட்டேங்குது. ஒங்க ரெண்டு பேரோட கரு மூணு எங்ககிட்ட இருக்குல்ல, அது விஷயமா பேசணும்.”

அடைக்கலமேரி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். அந்தக் கையால் போனைப் பிடுங்க முடியாது. ‘வை’ என்று சொல்ல வாயும் வரவில்லை.

அன்புமொழி அவளைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினாள். “அவுக இல்லைங்க. எறந்து பத்து மாசம் ஆச்சு.”

அந்தப் பக்கம் பெண்ணின் குரல் இறங்கி வந்தது. “மன்னிச்சுக்குங்க மேடம். அப்ப இறப்புச் சான்றிதழையும் ஒங்க ஆதாரையும் எடுத்துக்கிட்டு வர்ற வியாழக்கிழமை வந்திருங்க. மூணையும் என்ன செய்யிறதுன்னு எழுதணும். போன்ல பேசுற விஷயமில்ல.”

அன்புமொழி போனை அணைத்து, சாம்பல் படாத இடமாய்ப் பார்த்து வைத்தாள். கத்தியை எடுத்தாள். ஒரு பருப்பை உரித்துத் தட்டில் போட்ட பிறகுதான் கேட்டாள்.

“மூணாக்கா?”

அடைக்கலமேரி வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் ஷர்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. ஏழு வயசு. அவளும் அந்த ஆஸ்பத்திரியில்தான் கருவாகி வந்தவள். அது தெரிந்த ஆள் இந்த ஊரில் இதுவரை ஒருத்திதான். இப்போது இரண்டு பேர்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவளுக்குப் பிள்ளையில்லை. புருஷன் செபமாலை சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கஜா புயலில் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்த பிறகு பண்ருட்டிக்குப் போய்க் கொட்டை மூட்டை ஏற்றி வருவதே அவன் பிழைப்பாகிப்போனது. புயலுக்கு முந்தின வருஷம் இருவரும் யாருக்கும் சொல்லாமல் திருச்சி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார்கள். ஊரில் கேட்டவர்களிடம் ஆவூர் மாதா கோயிலுக்கு நேர்ச்சை என்றார்கள். ஒன்பது சனிக்கிழமை, பிறகு இன்னொரு ஒன்பது சனிக்கிழமை. பிள்ளை தங்கியதும் ஊரே மாதா கொடுத்த பிள்ளை என்றது. ஞானஸ்நானத்தன்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். அடைக்கலமேரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சோதனைக் குழாயில் பிள்ளை உண்டாக்குவது கடவுள் வேலையில் கைவைப்பது என்று அதே சாமியார் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் அவரிடம் எத்தனையோ சொன்னவள் இதைச் சொன்னதேயில்லை.

பிரசவம் அவளைக் கொன்றுபோட்டிருக்கும். குழந்தை வெளியே வந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. பன்னிரண்டு பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தபோது செபமாலை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் அவனிடம்தான் சொன்னார். அவன் அவளிடம் சொன்னான்.

ஆனால் மிச்சம் மூன்று இருந்தன. உறைய வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று எழுத இருவருக்கும் கை வரவில்லை. செபமாலை வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பித்துவிட்டு வருவான். வந்ததும் கைகால் கழுவிக்கொண்டே, அக்கம்பக்கம் பார்த்து, மெதுவாய்ச் சொல்வான். “மூணும் சௌக்கியமாம்.”

அது அவனுக்கு விளையாட்டு. அவளுக்கு இல்லை. கோடையில் கரண்டு போகிறபோதெல்லாம் அங்கேயும் போயிருக்குமோ, அதுங்க உருகிப்போயிருக்குமோ என்று நினைப்பாள். “அது கரண்டுல இல்ல புள்ள. நைட்ரஜன்ல முக்கி வச்சிருக்காங்க. நானே கேட்டேன்” என்பான் செபமாலை. அப்படியும் பயம் போகாது. உயிர் இருக்கிறதா இல்லையா, அது தெரியாது. பெயர் இல்லை, ஞானஸ்நானம் இல்லை, கல்லறையும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது அவள் கணக்கில் மூன்று அதிகமாய்க் கொளுத்துவாள். பிறகு, உயிரோடு இருப்பதற்கு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டோமே என்று பயந்துபோய் ஊதி அணைப்பாள்.

போன ஆடியில் பண்ருட்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து நாலு வயசு. அவன் ஓட்டிய வேனிலேயே அவனைக் கொண்டு வந்தார்கள்.

*

இரண்டு நாள் அன்புமொழி எதுவும் கேட்கவில்லை. அதுதான் அடைக்கலமேரிக்குப் பயமாயிருந்தது.

ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்து இரண்டு குடும்பமும் இருந்தது. கொழுந்தன் சேரன் மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை பார்த்தான். அவனுக்கும் அன்புமொழிக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. தஞ்சாவூரில் பார்த்துவிட்டுக் கருப்பை நன்றாயிருக்கிறது, கருமுட்டைதான் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுப்பதில்லை. ஷர்லிக்குத் தலை பின்னிவிடுவது, பாவாடை தைத்துப் போடுவது, பள்ளிக்கூட வேன் வரும்வரை கூட நிற்பது எல்லாம் அவள்தான்.

அந்த இரண்டு நாளும் அவள் கொட்டகையில் அடைக்கலமேரியை வறுக்க விடவில்லை. “புகை ஒங்களுக்கு ஆகாதுக்கா, தள்ளுங்க” என்று துடுப்பை வாங்கிக்கொண்டாள். கோட்டைப்பட்டினத்திலிருந்து வருகிற மீன்காரரிடம் நல்ல நெத்திலிக் கருவாடாய்ப் பார்த்து வாங்கி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்து, சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்து வதக்கினாள். “ரத்தம் ஊறணும்ல” என்றாள். எதற்கு ஊறணும் என்று அடைக்கலமேரி கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“அக்கா, அதுல ஒண்ண எனக்குக் குடுங்க.”

“என்ன பேசுற அன்பு.”

“ஒண்ணு போதும். எனக்குப் பை நல்லாருக்கு. டாக்டரே சொன்னாரு. ஒங்களுக்குத்தான் திரும்பப் பெக்க முடியாதுல்ல. சும்மாத்தான கெடக்கு.”

“சும்மா கெடக்குன்னு சொல்லாத.”

“சரி, சொல்லல. ஆனா என்ன பண்ணப் போறீங்க? எழுதணும்னு சொன்னாளே அந்தப் பொண்ணு. வேணாம்னு எழுதப் போறீங்களா? மூணையும் எடுத்துக் கீழ ஊத்திருவாங்கல்ல.”

“எனக்குத் தெரியல. அவரு இருந்தாக் கேக்கலாம்.”

“அவுக இருந்தா எனக்குக் குடுத்திருப்பாக.” அன்புமொழி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. ஷர்லி பத்தியும் சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாதீங்க.”

கேட்காமலேயே சொன்ன அந்தக் கடைசி வார்த்தையில்தான் அடைக்கலமேரிக்குப் பயம் வந்தது. வெளியே அனலடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மழையில்லாமல் இடி மட்டும் உருண்டது.

புதன்கிழமை சேரன் வேலையிலிருந்து வந்து, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, துண்டோடு அவள் வாசலில் வந்து நின்றான். மெதுவாய்ப் பேசுகிறவன். அன்றும் மெதுவாய்த்தான் பேசினான்.

“அண்ணி, அன்பு சொன்னா.”

அடைக்கலமேரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“புதுக்கோட்டைல ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்குப் பழக்கம். கேட்டுப் பாத்தேன்.”

“வெளிய கேட்டீங்களா தம்பி?”

“யாருன்னு சொல்லல. ஒரு கூட்டாளி வீட்டு விஷயம்னுதான் சொன்னேன். அது பிள்ளைன்னு சட்டத்துல இல்ல, சொத்துன்னும் இல்ல, புருஷன் பொண்டாட்டி என்ன எழுதிக் குடுத்திருக்காங்களோ அதான்னாரு. எனக்கு அதெல்லாம் வெளங்கல அண்ணி. எங்க அண்ணன் போயிட்டான். அவன் ரத்தம் மூணு அங்க கெடக்கு. நீங்க மட்டும் போயி ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வந்துட்டீங்கன்னா எனக்கு மனசு ஆறாது.”

“நான் என்ன செய்யணுங்கறீங்க?”

“ஒண்ணும் செய்ய வேணாம். அன்பையும் கூட்டிட்டுப் போங்க. அவ்வளவுதான்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “ஷர்லிய நான் பாத்துக்கறேன். லீவு சொல்லிட்டேன்.”

முடிவே செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அரிசித் தண்ணீரைக் கீழே ஊற்றப் போனவள் பாதி அரிசியையும் சேர்த்து ஊற்றிவிட்டாள்.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்கி, திருச்சி பஸ் மாறினார்கள். அன்புமொழி ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். மடியில் தன்னுடைய தஞ்சாவூர் ஸ்கேன் கவர் எல்லாவற்றையும் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். கீழே நாற்காலிகளில் பெண்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர் யாராவது இருந்துவிடுவார்களோ என்று அடைக்கலமேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

ஆலோசகர் மோகனப்ரியாவுக்கு முப்பது வயதிருக்கும். கனிவான முகம். “கூட வந்தவங்க யாருங்க?”

“எங் கொழுந்தன் பொண்டாட்டி.”

“இது ரகசியமா வைக்க வேண்டிய விஷயம். அவங்க உள்ள இருக்கறதுல ஒங்களுக்குச் சம்மதமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அடைக்கலமேரி தலையை ஆட்டினாள்.

மோகனப்ரியா சான்றிதழைப் பார்த்தாள். செபமாலை பெயரை வாய்க்குள் படித்தாள். அவள் மேற்கொண்டு பேசுவதற்குள் அன்புமொழி கவரைப் பிரித்து மேஜையில் பரப்பினாள்.

“மேடம், இது எங் காகிதம். எனக்குப் பை நல்லாருக்குன்னு போட்டிருக்கு. அக்காவோடதுல ஒண்ண எனக்கு வச்சுவிட முடியுமா?”

“முடியாதுங்க.” ஆலோசகர் காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். “இப்ப இருக்கிற சட்டப்படி தெரிஞ்சவங்களுக்கு, சொந்தக்காரங்களுக்குன்னு கருவக் கைமாத்திக் குடுக்கக் கூடாது. இவங்க முழுமனசா சம்மதிச்சாலும் எங்களால செய்ய முடியாது.”

“ரத்தம் குடுக்குறாங்கல்ல. கிட்னியே குடுக்குறாங்க.”

“அது வேற, இது வேறங்க.”

அன்புமொழி காகிதங்களைக் கவருக்குள் திரும்ப வைத்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள். “அப்ப அக்காவுக்கே வைக்கலாம்ல?”

நாற்காலியை அடைக்கலமேரி பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க சொமங்கக்கா. பத்து மாசம் நான் ஒங்களத் தரையில நடக்க விட மாட்டேன். வெளியூர்ல வீடு பாத்துக்கலாம், ஊருல யாருக்கும் தெரியாது. பெத்து எங் கையில குடுத்திருங்க. இங்கதான் நல்ல டாக்டரெல்லாம் இருக்காங்களே.”

அடைக்கலமேரிக்கு அந்தப் பன்னிரண்டு பாட்டிலும் ஒவ்வொன்றாய்க் கண்முன் தொங்கியது. தாலி கழற்றிப் பத்து மாதம் ஆன உடம்பு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதையும், அதைப் பார்க்கிற கண்களையும், அம்மா இல்லாத வீட்டில் ஷர்லி உட்கார்ந்திருப்பதையும் நினைத்தாள். முடியாது என்று சொன்னால் இந்த மூன்றையும் கொன்றவள் அவள். அன்புமொழி அப்படித்தான் சொல்வாள். சேரனும் அப்படித்தான் சொல்வான். அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

“ஒரு நிமிஷம்” என்றாள் மோகனப்ரியா. “அத டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். அதுக்கு முன்னாடி இவங்க கணவர் என்ன எழுதியிருக்காருன்னு பாக்கணும். அவரோட சம்மதம் எங்க முடியுதோ அதுக்கு மேல நாங்க போக முடியாது.”

கோப்பைத் திறந்தாள். ஒரு பச்சைத் தாளை எடுத்து அடைக்கலமேரி பக்கம் திருப்பினாள்.

“முதல்ல போட்ட காகிதத்துல, தான் இறந்துட்டா மனைவி உபயோகப்படுத்திக்கலாம்னு எழுதியிருந்தாரு. ஆனா போன வருஷம் புதுப்பிக்க வந்தப்ப மாத்திக் குடுத்திருக்காரு. பாருங்க. இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் கருக்களை அழிந்துபோக விட்டுவிடலாம்னு டிக் பண்ணி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அடைக்கலமேரி பார்த்தாள். செபமாலை என்று அவன் கையெழுத்து. அதற்குக் கீழே அவள் பெயர்.

அவள் அந்தத் தாளை அன்றுதான் முதல்முதலாய்ப் பார்த்தாள்.

அடைக்கலமேறி என்று இருந்தது. செபமாலை அஞ்சாவதோடு நின்றவன். எங்கே எழுதினாலும் அவனுக்கு ‘ரி’ வராது, ‘றி’தான் வரும். கல்யாணமான புதிதில் பால் அட்டையில் அப்படி எழுதியதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். “எழுத்துல என்ன இருக்கு, ஆளு ஒண்ணுதான” என்பான். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கையெழுத்து வாங்குவதாய் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து அவனே போட்டிருக்கிறான். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு மூணும் சௌக்கியம் என்றுதான் சொன்னான்.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவன். யார் வந்து கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்காது. கேட்டால் அவளால் இல்லையென்று சொல்ல முடியாது என்பது தெரிந்திருக்கும்.

மோகனப்ரியா அவள் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். “இது ஒங்க கையெழுத்துதானங்க?”

அடைக்கலமேரி அந்த ‘றி’யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்லன்னா இப்பவே சொல்லிருங்க. ஒருத்தர் மட்டும் போட்டது செல்லாது. அப்ப இந்தக் காகிதத்த ஒதுக்கிட்டு, பழைய காகிதம், ஒங்க விருப்பம், டாக்டர் கருத்து எல்லாத்தையும் வச்சு எங்க குழு பேசும். அதுவரைக்கும் மூணும் இங்க பத்திரமா இருக்கும். ஒங்களதுன்னா, இது நிக்கும்.”

பக்கத்தில் அன்புமொழி முன்னால் குனிந்து தாளைப் பார்த்தாள். அவள் மூச்சு அடைக்கலமேரியின் கையில் பட்டது. ஒரு வார்த்தை. இல்லை என்றால் மூன்றும் இருக்கும், பிறகு பன்னிரண்டு பாட்டில். ஆமாம் என்றால் மூன்றும் போகும், பிறகு தீர்ப்பு நாள் வரைக்கும் அவள் பதில் சொல்ல வேண்டும்.

“அது புள்ளைங்களாம்மா?” என்று கேட்டாள் அடைக்கலமேரி. “நீங்க தெனம் பாக்குறீங்க. சொல்லுங்க.”

மோகனப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். “கண்ணுக்குத் தெரியாதுங்க அக்கா. ஒரு புள்ளியக் காட்டியும் சின்னது. சட்டத்துல பிள்ளைன்னு எழுதல. சிலர் சாமானு மாதிரி எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. சிலர் இங்கயே விழுந்து அழுவாங்க. எனக்கு இதுக்கு மேல தெரியாது.”

“எடுக்குறப்ப வலிக்குமா?”

“வலிக்காது. வெளிய எடுத்து வச்சிருவாங்க. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல அதுவா அடங்கிரும்.”

அடைக்கலமேரி முந்தானையால் உதட்டைத் துடைத்தாள்.

“எங் கையெழுத்துதான்” என்றாள்.

“சரிங்க.” ஆலோசகர் இன்னொரு தாளை நகர்த்தினாள். “அப்ப இன்னைக்குத் தேதி போட்டு இதுல ஒண்ணு போட்டுருங்க. அதே மாதிரி இருக்கணும். மேல இருக்கறவங்க இந்தப் பச்சத் தாளோட ஒத்துப் பாப்பாங்க.”

பேனாவை வாங்கியபோது விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, பிடிக்கவே வழுக்கியது. அடைக்கலமே வரை எழுதினாள். அங்கே பேனா நின்றது. தன் பெயரைத் தானே தப்பாய் எழுதக் கையில் பழக்கமில்லை. செபமாலையின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, சிறு பிள்ளை சிலேட்டில் போடுவதுபோல, வளைத்து, ‘றி’ போட்டாள்.

அன்புமொழி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

வெளியே வந்ததும் அடைக்கலமேரி நடைவழிச் சுவரோரம் நின்றாள். மூன்றையும் எந்தக் கதவுக்குள், எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கம் பார்த்து அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். ஒரு நர்ஸ் வழி கேட்டு நின்றதும் ஒதுங்கிக்கொண்டாள்.

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் அன்புமொழி அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருக்கும் என்றிருந்தது அடைக்கலமேரிக்கு. மாத்தூர் பக்கம் வண்டி நின்றபோது வெள்ளரிப் பிஞ்சு வாங்கி அன்புமொழி பாதியை அவளிடம் நீட்டினாள். வாங்காமலும் இருக்க முடியவில்லை, வாயில் வைக்கவும் முடியவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்குப் போய் இவள் சேரனிடம் என்ன சொல்வாள், சேரன் யாரிடம் சொல்வான் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. ஷர்லியை நாளைக்குப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று நினைத்தாள்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. டீக்கடை நிழலில் சிமெண்டுப் பெஞ்சு. இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அடைக்கலமேரியிடம் கொடுத்துவிட்டு அன்புமொழி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது ஒங்க கையெழுத்து இல்லக்கா.”

அடைக்கலமேரி டீயைப் பெஞ்சில் வைத்தாள்.

“மகளிர் குழு நோட்டுல வாரா வாரம் ஒங்க கையெழுத்துக்குக் கீழதான் நான் போடுறேன். எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் அங்க சொல்லல?”

அன்புமொழி டீயை ஊதினாள். குடிக்கவில்லை.

“சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லிட்டா மூணும் இருக்கும். ஒங்களக் கெஞ்சி, எங்க வீட்டுக்காரரு ஒரு பக்கம் பேசி, எப்புடியாச்சும் சம்மதிக்க வச்சிருவோம். அதுவரைக்கும் யோசிச்சேன். அதுக்கு மேல மனசுல ஒண்ணு வந்துச்சுக்கா.”

“என்ன?”

“நீங்க பிரசவத்துல போயிட்டீங்க.” அவள் குரல் மாறவில்லை. கடைக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னாள். “ஒங்களப் பெட்டில வச்சிருக்காங்க. நம்ம வாசல்லதான். கைல ஒரு புள்ள இருக்கு எனக்கு. ஷர்லி எங் காலக் கட்டிக்கிட்டு நிக்கிறா. ரெண்டும் எனக்குத்தான்னு நிக்கிறேன். எனக்கு அழுகையே வரலக்கா. அவ்வளவு நல்லாருந்துச்சு.”

அடைக்கலமேரி அவளைப் பார்த்தாள். எட்டு வருஷமாய்ப் பார்த்த முகம்தான்.

“ஒரு நிமிசந்தான் இருக்கும். அந்தப் பொண்ணு ஒங்க கையெழுத்தான்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சே, அந்நேரம். அதுக்கப்பறம் எனக்கு நாக்கு எழும்பல. நீங்க ‘றி’ போட்டீங்க, பாத்துக்கிட்டு இருந்தேன். போட்டு முடிச்சதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.”

தஞ்சாவூர் வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்குவதற்குள் ஏறுகிறவர்கள் முண்டினார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

“இத ஏன் எங்கிட்டச் சொல்ற அன்பு?”

“ஒங்ககிட்டச் சொல்லிட்டா அது திரும்ப வராதுல்ல.” அன்புமொழி முதல்முறையாய் அவள் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “வராதுலக்கா?”

அடைக்கலமேரிக்குத் தெரியவில்லை. வீட்டில் ஷர்லி காத்திருப்பாள். ராத்திரி சித்தி பக்கத்தில் படுக்க வேண்டும் என்று அடம் பிடிப்பாள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. அவ்வளவுதான் வீடு.

கண்டக்டர் விசிலடித்தார். அடைக்கலமேரி ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். அன்புமொழி வந்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. ஆதனக்கோட்டை வரும்வரை அடைக்கலமேரி தூங்கவுமில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்க்கவுமில்லை. பக்கத்தில் இருந்தவளின் மடியில் மடக்கி வைத்திருந்த சுத்தமான இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.